தெற்கே ஒரு நகராத முகில்

ஆமினா என்ற எட்டு வயதுப் பிள்ளை கேட்ட கேள்விதான் என்னை விமானம் ஏற்றியது.

லெஸ்டரில் ஒரு மண்டபத்தில் நாங்கள் சிலர் சேர்ந்து சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு நடத்துகிறோம். பாதி நேரம் எழுத்து, மீதி நேரம் ஏதாவது ஒரு பாடம் தமிழில். அன்றைக்குப் பால்வீதி. பலகையில் சுருள் சுருளாக வரைந்து, அதன் ஒரு கரையில் புள்ளி வைத்து, இதுதான் நம்முடைய சூரியன் என்றேன். பிறகு சோக்கைப் படுக்கவைத்துச் சுருளுக்கு வெளியே ஒரு தேய்ப்புத் தேய்த்தேன். இது நமக்குப் பக்கத்து வீடு, பெரிய மகெல்லன் முகில் என்று பெயர், முகில் மாதிரித் தெரிந்தாலும் அது சின்னதாக ஒரு தனி நட்சத்திரக் கூட்டம், இங்கிலாந்தில் அது அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை, இலங்கையில் தெரியும் என்று சொன்னேன்.

ஆமினா கையை உயர்த்தினாள். "டீச்சர், நீங்க பார்த்தீங்களா?"

இல்லை என்றேன்.

"நீங்க இலங்கைதானே?"

ஓம் என்றேன்.

"அப்ப ஏன் பார்க்கல்ல?"

பத்து வயதிலிருந்து இருபத்துநாலு வயது வரைக்கும் புத்தளம் கரையில் இருந்தவள் நான். அதில் முதல் ஆறு வருடம் அகதி முகாம். மின்சாரம் இல்லை. எட்டு மணிக்கு எல்லாக் கொட்டில்களிலும் லாம்பை அணைத்துவிடுவார்கள், மண்ணெண்ணெய் மிச்சம் பிடிக்க. வானம் பார்ப்பதற்கு அதைவிட நல்ல இடத்தை நான் பிறகு எங்கேயும் காணவில்லை. ஆனால் தெற்கே, கடலுக்குச் சற்று மேலே, தேடிப் பார்க்க ஒன்று இருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகு நான் அங்கே இல்லை. பதினைந்து வருடமாகப் படத்தைப் பார்த்துப் பாடம் சொல்கிறேன்.

பெப்ரவரியில் ஒரு வாரம் பள்ளிக்கூட விடுமுறை. அந்த வாரம் பார்த்து நிலவும் இல்லை. கல்பிட்டிக்குப் பக்கத்தில் கண்டக்குழியில் இருக்கும் பௌசியாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். மன்னார்த் தீவில் பௌசியா என் அடுத்த வீட்டுப் பிள்ளை. தொண்ணூறில் ஆயுத இயக்கம் முஸ்லிம்களை எல்லாம் ஊரைவிட்டுப் போகச் சொன்னபோது எங்கள் இரண்டு குடும்பமும் ஒரே படகில் வந்தோம். கண்டக்குழிக்குப் பக்கத்தில் இருந்த முகாமிலும் எங்களுக்கு அடுத்தடுத்த கொட்டில். பிறகு அவள் கண்டக்குழியில் கலியாணம் முடித்தாள், நான் படிக்கப் போனேன், அங்கிருந்து இங்கிலாந்து. பெருநாளைக்கு வாழ்த்து அனுப்பிக்கொள்வதோடு நின்றுபோன உறவு.

"வானம் பார்க்க வாறியா?" என்று அவள் சிரித்தாள். "வா. வானம் இரிக்கு."

*

புத்தளத்திலிருந்து கல்பிட்டி போகும் பஸ்ஸில் யன்னலோரம் இடம் கிடைத்தது. உப்பளங்களின் வெள்ளை, அதற்குப் பின்னால் கடலேரியாக விரிந்த களப்பு, கரையில் வரிசையாகக் காற்றாலைகள். காற்றாலைகள் எனக்குப் புதிது. ரோட்டின் நடுவில் நின்று அசையாமல் யோசிக்கும் கழுதைகள் பழையவை. சாரதி ஹோர்ன் அடித்தார், கழுதைகள் அதைப் பொருட்படுத்தவில்லை. பஸ் அவற்றைச் சுற்றிப் போனது. லெஸ்டரில் இப்படி நடந்தால் யாராவது ஒரு முறைப்பாடு எழுதியிருப்பார்கள்.

பாதி வழியில் ஏதோ அறுந்த சத்தம். பஸ் ஓரம் போய் நின்றது. கண்டக்டர் இறங்கிப் பார்த்துவிட்டு, பெல்ட் போய்விட்டது, இனி அடுத்த பஸ்தான், அதற்கு ஒரு மணித்தியாலம் ஆகும், அவசரமானவர்கள் நடக்கலாம், காற்று நன்றாக இருக்கிறது என்று சிங்களத்தில் சொன்னார். யாரும் கோபப்படவில்லை. ஆளாளுக்குப் பனை நிழல் தேடினார்கள்.

என் பக்கத்தில் இருந்த அம்மா உடப்பு ஊர்க்காரி. நெற்றி நிறைய திருநீறு, மடியில் ஒரு கருவாட்டுப் பை. மகளைக் குறிஞ்சிப்பிட்டியில் கட்டிக்கொடுத்திருப்பதாகச் சொன்னார். வெங்காயச் சாக்கு ஏற்றிக்கொண்டு லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஒன்று வந்தபோது அதை மறித்து, என்னையும் கூட ஏற்றிவிட்டவர் அவர்தான். சாக்குகளின் மேல் உட்கார்ந்து, இழுவைப்பெட்டி குலுங்கும் ஒவ்வொரு முறையும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு போனோம்.

"எங்கயிருந்து வாறீங்க?" என்று கேட்டார்.

"இங்கிலாந்து."

"இஞ்ச ஆர் இரிக்கிறது?"

"கூட்டாளி ஒராள். அதோட வானமும் பார்க்கத்தான்."

அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "அங்க வானம் இல்லையா?"

"இருக்கு. தெற்குப் பக்கம் கொஞ்சம் குறையுது."

அது உண்மையான பதில். பூமி உருண்டை என்பதால் வடக்கே போகப் போகத் தென்வானம் நமக்குக் கீழே போய் மறைந்துகொண்டே வரும். அந்த அம்மாவுக்கு அதை விளக்கத் தேவை இருக்கவில்லை. "பாவம்" என்றார். குறிஞ்சிப்பிட்டியில் இறங்கும்போது பையிலிருந்து இரண்டு கருவாட்டை எடுத்துக் கடதாசியில் சுற்றி என் கையில் வைத்தார். வெங்காய வாசமும் கருவாட்டு வாசமுமாக நான் பௌசியாவின் வாசலில் போய் நின்றேன்.

அவள் என்னைக் கட்டிப்பிடித்து, விலகி, மூக்கைச் சுளித்தாள். "லண்டன்காரி இப்படியா மணக்கிற?"

முக்காட்டுக்குள் முடி நரைத்திருந்தது. இடது கன்னத்துக் குழி அப்படியே இருந்தது.

*

பௌசியாவின் கணவர் ஜவ்பர் கண்டக்குழியில் பிறந்து வளர்ந்தவர். முன்பு மீன்பிடி மட்டும். இப்போது நவம்பரிலிருந்து மார்ச் வரைக்கும் காலையில் வெள்ளைக்காரரை டொல்பின் காட்டக் கூட்டிப்போகிறார். பௌசியா பக்கத்து விடுதி ஒன்றுக்குச் சமைத்துக்கொடுக்கிறாள். பதின்மூன்று வயதில் ஹஸ்னா என்று ஒரே மகள்.

இரவுச் சாப்பாடு இடியப்பம், மீன் சொதி, தேங்காய்ச் சம்பல், எனக்காகக் கணவாய்ப் பொரியல். முகாமில் கிழமைக்கு ஐந்து நாள் பருப்பும் பாணும் சாப்பிட்டவர்கள் நாங்கள். அதைச் சொல்லிச் சிரித்தோம். தண்ணீர்த் தாங்கிக்கு முன்னால் வாளியை வரிசையில் வைத்துவிட்டு விளையாடப் போவது, வாளி முன்னே நகர்ந்திருக்கிறதா என்று ஓடிவந்து பார்ப்பது, மரத்தடி வகுப்பில் மழை வந்தால் புத்தகத்தை வயிற்றில் செருகிக்கொண்டு பள்ளிவாசலுக்கு ஓடுவது. துன்பமான காலம்தான். ஆனால் இருவருக்கும் அது பத்து வயதிலிருந்து பதினாறு வரையான காலம், வேறு எந்தச் சிறுவயதும் எங்களுக்குத் தரப்படவில்லை. அதனால் அதைத்தான் ஆசையோடு நினைத்துக்கொண்டோம்.

சாப்பிட்டு முடித்துக் கடற்கரைக்குப் போனேன். தலைக்கு மேலே நட்சத்திரம் நிறைய. தெற்கே பார்த்தேன். விடுதிகளின் விளக்குகள், அதற்கு அப்பால், தூரத்தில், மின்நிலையத்தின் வெளிச்சம் அடிவானத்தில் ஆரஞ்சு நிறத்தில் பரவியிருந்தது. நான் தேடி வந்தது சரியாக அதற்குள் இருந்தது.

திரும்பி வந்தபோது ஜவ்பர் வாசலில் வலை தைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"கரையில நிண்டா தெரியா டீச்சர்," என்றார். "கடல்ல போனா அந்த வெளிச்சம் ஒரு பக்கமா ஒதுங்கிரும். தெக்க முழுக்கத் தண்ணி. நாளண்டைக்குப் போவம். நாளைக்கு முகில் வரும் போல இரிக்கு."

உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பௌசியாவை, நீயும் வா என்று கூப்பிட்டேன்.

"நான் வரல்ல," என்றாள்.

"அவ போட்டுல ஏறமாட்டா," என்றார் ஜவ்பர் மெதுவாக. "கலியாணம் முடிச்ச நாள்ல இருந்து ஏறினதில்ல. கடல் பயம்."

*

அடுத்த நாள் பின்னேரம் ஹஸ்னாவும் அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேரும் வாசலில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். நான் வந்த விஷயம் ஊருக்குள் போய்விட்டது. வானம் பற்றி டீச்சர் கதைப்பா என்று ஹஸ்னா தானாகவே அறிவித்திருந்தாள்.

லெஸ்டரில் சொல்லுவது போலத் தொடங்கினேன். பால்வீதி ஒரு பெரிய நகரம், நம் சூரியன் அதில் ஒரு தெருவிளக்கு. ஏழு முகங்களிலும் ஒன்றும் அசையவில்லை. அவர்களுடைய ரோட்டில் தெருவிளக்கு இல்லை. நிறுத்திவிட்டு யோசித்தேன். பிறகு கேட்டேன்: "இந்தக் களப்புக்குள்ள எத்தின தீவு இரிக்கு?"

ஏழு பேரும் ஒரே நேரத்தில் கதைத்தார்கள். பெயர்கள் வந்தன, எண்ணிக்கையில் சண்டை வந்தது.

"சரி. பெரிய தரையிலதான் பெரிய ஊரெல்லாம் இரிக்கு. தரையை விட்டு விலகி, ஆனா கிட்டத்தில, சின்னத் தீவு இரிக்கு. அதிலயும் குடில் இரிக்கு, மரம் இரிக்கு, ஆள் இரிக்கு. அது தரையில ஒரு துண்டு இல்ல, தனி இடம். அப்படித்தான் இதுவும். நம்மட பால்வீதி பெரிய தரை. அதில மணல் மாதிரிக் கணக்கில்லாத நட்சத்திரம். சூரியன் அதில ஒரு மணல். பெரிய மகெல்லன் முகில் பக்கத்தில இரிக்கிற தீவு. அதிலயும் கோடி கோடியா நட்சத்திரம் இரிக்கு. ஆனா நம்மளோட பார்த்தா சின்னது."

"பேர் பெரிய எண்டுதானே சொன்னீங்க," என்றாள் ஹஸ்னா. "பெரிய எண்டு பேர் வெச்சிட்டுச் சின்னது எண்டா?"

"அதுக்குப் பக்கத்தில அதைவிடச் சின்னதா இன்னொண்டு இரிக்கு. அதுக்குப் பேர் சிறிய மகெல்லன் முகில். ரெண்டுல இது பெரிசு."

"எங்கட வீட்டில பெரிய தம்பி, சின்னத் தம்பி மாதிரி," என்றாள் ஒரு பிள்ளை. "பெரிய தம்பிக்கு ஏழு வயசு."

அதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது. அப்படியே எழுதிக்கொண்டேன்.

எவ்வளவு தூரம் என்று கேட்டார்கள். ஒளி ஒரு வினாடியில் பூமியை ஏழு தடவைக்கு மேல் சுற்றிவிடும், அந்த வேகத்தில் புறப்பட்டும் அங்கிருந்து இங்கே வர ஒரு லட்சத்து அறுபதாயிரம் வருடம் எடுக்கும் என்றேன்.

"அப்ப நாங்க பார்க்கிறது இப்ப உள்ள முகில் இல்லையா?" என்றாள் ஹஸ்னா.

"இல்ல. பழைய முகில். மனிசர் கல்லைத் தட்டி ஆயுதம் செஞ்ச காலத்தில புறப்பட்ட வெளிச்சம்தான் இண்டைக்கு வந்து சேருது."

"இப்ப அது எப்படி இரிக்கும்?"

"ஆருக்கும் தெரியாது. இப்ப புறப்படுற வெளிச்சம் வந்தாத்தான் தெரியும்."

பௌசியா கதவு நிலையில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் போன பிறகு இஞ்சிப் பிளேன்டீ கொண்டுவந்து தந்தாள். "அது எப்படி இரிக்கும், பார்வைக்கு?" என்று கேட்டாள்.

"வெள்ளையா, மங்கலா. கிழிஞ்ச பஞ்சு மாதிரி. மற்ற முகிலெல்லாம் காத்துக்குப் போனாலும் அது போகாது. நட்சத்திரத்தோட சேந்து நிக்கும்."

அவள் தன்னுடைய கோப்பையைக் குடிக்காமலே கீழே வைத்தாள். பிறகு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

அன்று பொழுது சாய முன்னர் பழைய முகாம் இருந்த இடத்துக்குத் தனியாக நடந்து போனேன். மிளகாய்த் தோட்டமாக இருந்தது. தண்ணீர்த் தாங்கி நின்ற சீமெந்துத் தளம் மட்டும் மிச்சம், அதில் மிளகாய் காயவைத்திருந்தார்கள். தோட்டக்காரர் யாரென்று கேட்டார். இங்கே ஆறு வருடம் இருந்தேன் என்றேன். "இதுக்குள்ளயா?" என்று தோட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். ஒரு கை நிறைய பச்சை மிளகாய் பறித்துத் தந்தார். ஜவ்பர் சொன்னபடியே இரவு முழுக்க முகில்.

*

மூன்றாம் நாள் வானம் துடைத்துவைத்த மாதிரி இருந்தது. அந்தி மஃரிப் தொழுதுவிட்டு ஜவ்பர் படகைத் தள்ளத் தயாரானார். ஃபைபர் படகு, பின்னால் இயந்திரம். ஹஸ்னா முதலில் ஏறினாள், பிறகு நான். ஜவ்பர் தள்ளப் போகும்போது பௌசியா மணலில் நடந்து வருவது தெரிந்தது. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தாள். தண்ணீருக்குள் இறங்கி, படகின் விளிம்பைப் பிடித்தாள். ஜவ்பர் அவளுடைய முகத்தைப் பார்த்தார். கையைக் கொடுத்து ஏற்றினார்.

கடல் குளம் மாதிரிக் கிடந்தது. பௌசியா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், நகம் பதிய. கரையின் விளக்குகள் சின்னதாகி, மின்நிலைய வெளிச்சம் இடப்பக்கமாக ஒதுங்கியது. எட்டு மணியளவில் ஜவ்பர் இயந்திரத்தை நிறுத்தினார். தெற்கே கறுப்புத் தண்ணீரும் கறுப்பு வானமும்தான்.

நான் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் ஒழுங்கில் தேடினேன். தலைக்கு மேலே, எல்லாவற்றையும்விடப் பிரகாசமான நட்சத்திரம். அங்கிருந்து நேரே தெற்கே இறங்கினால் அடுத்த பிரகாசம், நாம் அகத்தியர் என்போம், அரபிகள் சுஹைல் என்பார்கள். அதிலிருந்து இன்னும் கீழே, சற்று வலது பக்கம். அங்கே ஒன்றும் இல்லை. கண்ணைக் கொஞ்சம் விலக்கினேன். மங்கலானவற்றைப் பார்க்க அதுதான் வழி. கண்ணின் நடுப்பகுதி இருட்டில் குருடு, ஓரம்தான் கூர்மை. விலக்கியதும் அது வந்தது. கையை நீட்டி உள்ளங்கையால் மறைத்துவிடக்கூடிய அளவு, விளிம்பு இல்லாத வெள்ளை. நேரே பார்த்தால் கரைந்தது. விலகிப் பார்த்தால் நின்றது.

எத்தனையோ சனிக்கிழமைகளில் பலகையில் தேய்த்திருக்கிறேன். நிஜத்தில் அது அவ்வளவு மெலிதாக இருக்கும் என்று நினைத்திருக்கவில்லை. ஹஸ்னாவின் தலையைப் பிடித்துத் திருப்பிக் காட்டினேன். "ஓம், ஓம்," என்றாள் அவள், பயந்தவள் போல மெதுவாக.

"இதா?" என்றார் ஜவ்பர். "இத நான் எத்தினயோ தரம் கண்டிருக்கன் டீச்சர். தூரத்து மழை முகில் எண்டு நினைச்சன்."

பௌசியாவின் பக்கம் திரும்பினேன். தெரிகிறதா என்று கேட்டேன்.

"தெரியுது," என்றாள். "எனக்கு இது முந்தியே தெரியும். நீதான் காட்டின."

"நானா? எப்ப?"

"படகுல. மன்னார்ல இருந்து வரக்குள்ள. ஒனக்கு ஞாபகம் இல்லையா?"

எனக்கு அந்தப் படகைப் பற்றி நினைவிருந்தவை வேறு. மழை, நெருக்கம், யாரோ வாந்தி எடுத்தது, வாப்பா சட்டைப்பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டது. முகில் இல்லை.

அவள் தெற்கேயே பார்த்துக்கொண்டு சொன்னாள். "மழை விட்டு, நிலா மறைஞ்ச பொறகு. சுபஹுக்கு முந்தி. எல்லாரும் நித்திரை. நீ என்னத் தட்டி எழுப்பின. எல்லா முகிலும் போயிட்டு, இது மட்டும் போகாம நிக்குது பார் எண்டு. நான் சொன்னன் கொஞ்ச நேரத்தில நகரும் எண்டு. நீ நகராது எண்டு சொன்ன. ரெண்டு பேரும் பந்தயம் பிடிச்சிப் பார்த்துக்கிட்டே இருந்தம். என்ட மடியில தம்பி கிடந்தான். உம்மாக்குக் காய்ச்சல், என்னட்டத் தந்திட்டுப் படுத்திட்டா. மூணு மாசப் புள்ள."

எனக்கு அவளுடைய தம்பி இறந்தது தெரியும். அகதியாக வந்த வழியில் குளிரில் போன பிள்ளைகளில் அவனும் ஒருவன் என்று எல்லோரும் சொல்லுவார்கள். அவன் யார் மடியில் கிடந்தான் என்று யாரும் சொன்னதில்லை.

"விடிஞ்சதும் உம்மா புள்ளயத் தா எண்டு கேட்டா. குடுத்தன். குளுந்து போய்க் கிடந்தான்." அவள் குரல் உடையவில்லை. "நான் முகிலப் பார்த்துக்கிட்டு இருந்திட்டன். அவன் எப்ப போனான் எண்டு எனக்குத் தெரியா. உம்மா அதக் கேக்கவே இல்ல. மௌத்தாகிற வரைக்கும் ஒரு நாளும் கேக்கல்ல. கேட்டிருந்தா சொல்லியிருப்பன்."

"ஒனக்குப் பத்து வயசு பௌசியா."

"எனக்குப் பத்து வயசு எண்டு எனக்குத் தெரியும்."

அவளை எழுப்பியது நான். அதை மறந்து, படித்து, பாடம் சொல்லிக்கொடுத்து, அதே முகிலைத் தேடி அவளுடைய வீட்டுக்கே வந்து நிற்கிறேன். அதைத்தான் சொன்னேன். "எழுப்பினது நான்தானே. ஒன்னோட சேந்து நானும்தான் பார்த்துக்கிட்டு இருந்தன்."

"ஓம்," என்றாள். "அதுக்காக நான் ஒன்னோட கோவமா இருந்த காலமும் இரிந்திச்சி. கனகாலம். நீ கடிதம் போடல்ல எண்டு கோவம் எண்டு நீ நினைச்சிருப்ப."

அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஜவ்பர் பின்பக்கத்திலிருந்து எழுந்து, படகு ஆடாமல் காலை எடுத்துவைத்து, அவளுக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். "இத்தின வருசம் கடல் பயம் எண்டு நினைச்சிட்டன்," என்றார். "நீங்க அப்படி நினைச்சது எனக்கு லேசா இரிந்திச்சி," என்றாள் அவள். ஹஸ்னா தாயின் தோளில் தலையைச் சாய்த்தாள்.

நெடுநேரம் கழித்து பௌசியா என்னிடம் கேட்டாள். "உண்மையச் சொல்லு. இது நகருமா, நகராதா?"

"நகரும்," என்றேன். "பூமி சுத்துறதால எல்லா நட்சத்திரத்தோடயும் சேந்து மேற்கால போகும். மெதுவா. ஒரு மணித்தியாலம் பார்த்தாத்தான் தெரியும். நடுச்சாமத்துக்குப் பிந்தி கடலுக்குள்ள போயிரும்."

"அப்ப பந்தயத்தில நான்தான் வெண்டிருக்கன்."

அவள் சிரித்தாளா, அழுதாளா என்று இருட்டில் தெரியவில்லை. என் கையை மட்டும் விடவில்லை. ஜவ்பர் இயந்திரத்தைக் கிளப்பிக் கரைக்குத் திருப்பினார். தெற்கு எங்கள் முதுகுக்குப் பின்னால் போகும் வரைக்கும் அவள் அதையே பார்த்துக்கொண்டு வந்தாள், நேராக இல்லாமல், நான் சொன்னபடி சற்று விலகி.

*

மறுநாள் நான் புறப்பட வேண்டும். காலையில் பாணும் பருப்பும் சம்பலும் வைத்துவிட்டு, "பஸ்ஸுக்கு முந்தி ஒரு இடத்துக்குப் போகணும்," என்றாள் பௌசியா. ஜவ்பர் த்ரீவீல் ஒன்றைப் பிடித்து வந்தார். கல்பிட்டி மையவாடிக்குப் போகச் சொன்னாள்.

அங்கே பெண்கள் உள்ளே போகும் வழக்கம் இல்லை. இடுப்பளவு மதிலுக்கு வெளியே, ரோட்டோரத்தில் நானும் அவளும் நின்றோம். உள்ளே மணல், எருக்கஞ்செடி, சாய்ந்தும் புதைந்தும் நின்ற மீசான் கற்கள். பாதிக்கு மேற்பட்ட கபுறுகளுக்கு அடையாளமே இல்லை. அகதியாக வந்திறங்கிய நாளில் அடக்கிய பிள்ளைக்கு யார் கல் வைத்திருப்பார்கள்.

"இந்த மதில்தான்," என்றாள். "அப்ப இத விட உயரமா இரிந்த மாதிரி. நான் கல் ஒண்டில ஏறி நிண்டு பார்த்தன்." மதிலோரமாக ஏழெட்டு அடி நடந்து, ஒரு இடத்தில் நின்று, உள்ளே பார்த்து, திரும்பி வந்து, மறுபடியும் அங்கேயே போய் நின்றாள்.

ஜவ்பர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். மணலில் காலை வைத்து வைத்து, கபுறுகளை மிதிக்காமல் நடந்தார்.

"அந்தக் கெணத்துக்கு நேர," என்று பௌசியா சொன்னாள். "இன்னும் போங்க. இன்னும். இப்ப வலப்பக்கம். உங்கட வலம் இல்ல, என்ட வலம்."

அவர் திரும்பினார். இரண்டு எட்டு வைத்தார்.

"கொஞ்சம் பின்னுக்கு. அந்த எருக்கஞ்செடி அப்ப இல்ல, அதப் பார்க்காதீங்க. ஓம். அதிலதான். நில்லுங்க."

அவர் நின்றார். அவருடைய காலடியில் வெறும் மணல்தான் இருந்தது. பத்து வயதில் ஒரு கல்லில் ஏறி நின்று பார்த்த இடத்தை அவள் ஓரடியும் தவறாமல் வைத்திருந்தாள் என்று அந்தக் குரலைக் கேட்டபோது நான் நம்பினேன்.

ஜவ்பர் எங்கள் பக்கம் திரும்பி ஏதோ கேட்டார். காற்று சத்தத்தை அள்ளிக்கொண்டு போனது. கையைக் குவித்து வாயில் வைத்து மறுபடியும் கேட்டார். "பேர் என்ன?"

எனக்கும் அது தெரியாது என்று அப்போதுதான் உறைத்தது. அடுத்த வீட்டுப் பிள்ளை. தம்பி, தம்பி என்றே சொல்லியிருக்கிறோம்.

பௌசியா வாயைத் திறந்து பெயரைச் சொன்னாள். பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அவர் கேட்கவில்லை என்று தலையை ஆட்டினார்.

அவள் மதிலின் மேல் இரண்டு கையையும் ஊன்றி, எட்டி, ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சத்தமாகச் சொன்னாள்.

"இல்ஹாம்."